பழைய கார் கிளம்பவில்லையா? முதலில் பொறியைப் பாருங்கள்

விடியற்காலை நான்கு மணி. காய்கறி மூட்டைகளை ஏற்றியாகிவிட்டது. வண்டி மட்டும் கிளம்ப மறுக்கிறது. பழைய அம்பாசடர் வைத்திருக்கும் விவசாயிகளுக்கு இது பழகிய தொல்லை. காட்டுப்பள்ளி போன்று கடலும் கழிமுகமும் சூழ்ந்த இடங்களில் தொல்லை அதிகம். இரவில் படியும் உப்பு ஈரத்தில் மின்சாரம் வழிதவறிக் கசிந்துவிடுகிறது.

பலரும் உடனே கார்புரேட்டரைக் கழற்றுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். எண்ணூரில் 1949 முதல் அசோக் மோட்டார்ஸ் பூட்டிய ஆஸ்டின் ஏ40 ஆனாலும், 1489 சி.சி. பெட்ரோல் அம்பாசடர் ஆனாலும் பொறி உண்டாகும் விதம் ஒன்றே. பாட்டரியின் 12 வோல்ட்டைக் காயில் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது. காண்டாக்ட் பாயிண்ட் விலகும் கணத்தில்தான் இது நடக்கிறது.

முன்விளக்கைப் போட்டு செல்ஃபை இழுக்கவும். விளக்கு அடியோடு மங்கினால் பாட்டரி இறங்கியிருக்கும், அல்லது டெர்மினலில் உப்புப் பூத்திருக்கும். வெந்நீர் ஊற்றித் துடைத்து, இறுக்கி, வாசலின் தடவவும்.

அடுத்து கியரை நியூட்ரலில் வைத்து, காயிலிலிருந்து வரும் நடு ஒயரை டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலிருந்து உருவி, நுனியை எஞ்சின் இரும்புக்குக் கால் அங்குலம் தள்ளிப் பிடிக்கவும். உலர்ந்த ரப்பர் சுற்றிப் பிடிப்பது அவசியம். இன்னொருவர் செல்ஃப் போடட்டும். பெட்ரோல் வாடை அடித்தால் அது அடங்கும்வரை இச்சோதனை கூடாது, தீப்பிடிக்கும்.

நீலப்பொறி பளிச்சென்று விழுந்தால் காயில் சரி. குற்றம் மூடி, ரோட்டார், பிளக் ஒயர், பிளக் இவற்றில்தான். மூடியின் உட்புறத்தை உலர்ந்த பருத்தித்துணியால் துடைக்கவும். பாதி வண்டிகள் இத்துடன் கிளம்பிவிடும்! உள்ளே பென்சில் கோடு போலக் கரிக்கீறல் தெரிந்தால் மூடியை மாற்றுவதே வழி. பிளக் இடைவெளி 25 தவ், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 25 பங்கு.

பொறி விழாவிட்டாலும், மஞ்சளாக மெலிந்து விழுந்தாலும் பாயிண்டைப் பார்க்கவும். கருத்திருந்தால் மெல்லிய உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்து, தூசியைத் துடைத்து எடுக்கவும். பாயிண்ட் முழுவதும் விலகி நிற்கும் நிலையில் இடைவெளி 15 தவ் இருக்கவேண்டும். பில்லர் கேஜ் இல்லாமல் கண்மட்டத்தில் வைப்பது வீண்வேலை. தேய்த்த சில நாளிலேயே மறுபடி கருகினால் கண்டென்சர் போய்விட்டது என்று கொள்ளலாம். விலை குறைவு, புதிதாகவே போட்டுவிடவும். பாயிண்டும் கண்டென்சரும் சரியாக இருந்து, காயிலுக்கு 12 வோல்ட் வந்தும் பொறி இல்லையென்றால்தான் காயிலைச் சந்தேகிக்க வேண்டும். வேலை நடக்கும்போது சாவியை வெகுநேரம் போட்டு வைக்காதீர்கள். காயில் சூடேறிக் கெடும்.

பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் பழைய பம்புசெட் எஞ்சினுக்கும் இதே சோதனைதான். அதில் பாட்டரி இல்லை, மாக்னெட்டோ உண்டு. பல மாடல்களில் பாயிண்ட் பிளைவீலின் உட்புறம் இருக்கும். இடைவெளி அளவை அந்தந்த எஞ்சினின் கையேட்டைப் பார்த்தே வைக்கவும்.