உப்புக்காற்றில் ஓலை வாயில் நிற்குமா?

கேள்வி: கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே, ஈ.சி.ஆர். ஓரமாகச் சிறிய பீச் கிளப் ஒன்று தொடங்குகிறோம். நுழைவாயிலைக் கல், மூங்கில், ஓலை என்று இயற்கைப் பொருட்களிலேயே கட்ட ஆசை. உப்புக்காற்றில் இரண்டே வருஷத்தில் பல்லிளித்துவிடும் என்கிறார் கான்ட்ராக்டர். உங்கள் யோசனை என்ன?
– வாசகர், சென்னை

பதில்: கான்ட்ராக்டர் சொல்வது ஓலைக்குப் பொருந்தும், வாயில் முழுவதற்கும் அல்ல. எது நிலையாக நிற்க வேண்டும், எது அவ்வப்போது மாற வேண்டும் என்று வரைபடத்திலேயே பிரித்துவிடுங்கள்.

தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை கருங்கல் பீடம். மாமல்லபுரத்தில் கல் தச்சர்களுக்குப் பஞ்சமில்லை. பீடத்தின் மேல்பரப்பைத் தண்ணீர் வழியும்படி லேசாகச் சரித்துக் கொத்தச் சொல்லுங்கள். தூணை நேரடியாகக் கல்லில் உட்கார வைக்காமல், எஃகுத் தாங்கியில் ஒரு விரற்கடை தூக்கி நிறுத்துங்கள். அடியில் ஈரம் தங்கினால் தூண் அங்கிருந்துதான் உளுக்கும். கரையானும் அந்த வழியாகத்தான் ஏறும். தாங்கியும் போல்ட்டும் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். சாதாரண ஜி.ஐ. போல்ட் கடலோரத்தில் சீக்கிரமே துருப்பிடித்துவிடும்.

தூணுக்கு வைரம் பாய்ந்த பழைய பனை நல்லது. பச்சைப் பனையை வெட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். பழைய வீடு பிரிக்கும் இடங்களில் விசாரியுங்கள். கைமரத்துக்குக் கல்மூங்கில். மூன்று வருஷமாவது முதிர்ந்ததாக, போராக்ஸ்-போரிக் அமிலக் கரைசலில் ஊறியதாக வாங்குங்கள். இந்த மருந்து மழையில் கரைந்து போகக்கூடியது. அதனால் மூங்கில் நனையாதபடி இறவாரத்தை மூன்றடி வெளியே நீட்டுங்கள்.

கூரைக்குத் தென்னங்கீற்றைவிடப் பனையோலை அதிக நாள் உழைக்கும். சரிவு 45 பாகை இருந்தால் மழைநீர் தங்காது. ஓலையைத் தனித்தனிச் சட்டங்களில் கட்டி ஏற்றுங்கள். பழுதான சட்டத்தை மட்டும் இறக்கி மாற்றிக்கொள்ளலாம். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் கரையேறியது உங்கள் பக்கத்தில்தான். கைமரத்தைத் தூணோடும், தூணைப் பீடத்தோடும் போல்ட் போட்டு இறுக்குங்கள்.

சாலை மேற்கே, கடல் கிழக்கே. வாயிலை நேர்க்கோட்டில் திறந்துவிட்டால் மணலும் சாரலும் வரவேற்பு மேசை வரை வரும். உள்ளே ஆளுயரத்தில் ஒரு குறுக்குச் சுவர் எழுப்பி, கடுக்காய்ச் சாறு சேர்த்த சுண்ணாம்பு பூசுங்கள். வருகிறவர் அதைச் சுற்றித் திரும்பும்போதுதான் கடல் கண்ணில் பட வேண்டும்.

முதல் குழி தோண்டுமுன் உயர் அலைக் கோட்டிலிருந்து உங்கள் மனையின் தூரத்தைப் பாருங்கள். 2019 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையின்படி, மக்கள் நெருக்கம் குறைந்த ஊரகப் பகுதிகளில் 200 மீட்டர் வரை கட்டுமானத்துக்குத் தடை உண்டு. ஓலைதானே என்று யாராவது தைரியம் சொன்னால் நம்ப வேண்டாம்.

கான்ட்ராக்டரிடம் விலை கேட்கும்போது, ஐந்து வருஷத்துக்கான ஓலை மாற்றும் கூலியையும் சேர்த்தே கேளுங்கள். அந்தத் தொகை கட்டுப்படியாகாவிட்டால் கூரைக்கு மட்டும் நாட்டு ஓடு போட்டுக்கொள்ளலாம். அதுவும் மண்ணில் பிறந்ததுதான்.