கைத்தொலைபேசியில் வீடியோக் கலை: வர்த்தகர்களுக்கு ஒரு பாடம்



சரக்கு விலை கேட்கவும், பணம் பெறவும், ஊரிலுள்ள குடும்பத்தாரின் முகம் பார்க்கவும் நாம் இன்று கைத்தொலைபேசியையே நம்பியிருக்கிறோம். அதே கருவியால் நம் தொழிலைக் கலையாக்கிப் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லவும் இயலும்.

வீடியோக் கலை என்பது யாது? அது கதை சொல்லும் சினிமாவும் அன்று. சரக்கை விற்கும் விளம்பரமும் அன்று. ஒரு காட்சியையோ ஓசையையோ பொறுமையாகக் கவனிக்கச் செய்து, அதன் வழியே ஓர் எண்ணத்தை எழுப்புவதாகும். கொரிய நாட்டவரான நாம் ஜுன் பைக் 1963 இல் ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் டெலிவிஷன் பெட்டிகளையே கலைப்பொருளாக்கிக் காட்டினார். நமது பினாங்கில் பிறந்த கலைஞர் வோங் ஹோய் சியோங், ஜப்பானியர் ஆட்சிக்காலத் துயரைப் பற்றி 1990 இல் 'சூக் சிங்' என்னும் வீடியோவை ஆக்கினார். அக்காலத்தைக் கண்டவர்களின் நினைவுகளே அதற்கு ஆதாரம். முதியவர்கள் இருக்கும்போதே பதிவு செய்ததால்தான் அது முடிந்தது.

நமக்கும் அத்தகைய அவசரம் உண்டு. 1966 ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000 ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு நீங்கியபின், பழைய குடிக்கூலிக்காரர் பலர் ஜார்ஜ் டவுனை விட்டு வெளியேறினர். 2008 ஜூலை 7 இல் யுனெஸ்கோ இந்நகரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கட்டடங்களுக்குக் காவல் கிடைத்தது. வெல்வெட்டில் சொங்கோக் தைக்கும் விரல்களுக்கும், நாசி கண்டார் கடையில் குழம்பைக் கலந்து ஊற்றும் கைக்கும் அத்தகைய காவல் ஏது? பெரியவர் கடையை மூடினால் அவர் கைப்பழக்கமும் உடன் மறைந்துவிடும்.

இனி, செய்முறையைக் கவனிப்போம்.

முதலாவது, ஒரே ஒரு செயலைத் தேர்ந்தெடுங்கள். கடை முழுவதையும் காட்ட முயன்றால் ஒன்றும் மனத்தில் நில்லாது.

இரண்டாவது, லென்ஸை மெல்லிய துணியால் துடைத்து, அழைப்பு வந்து கெடுக்காதிருக்க ஏரோப்ளேன் மோடில் வைத்து, தொலைபேசியைக் குறுக்கே படுக்கவைத்தாற்போல் பிடியுங்கள். அரிசி மூட்டையோ துணிக்கட்டோ தாங்கலாயின் படம் ஆடாது.

மூன்றாவது, நம் கடைவீடுகளில் வாசல் வெளிச்சமாகவும் உட்புறம் இருளாகவும் இருக்கும். தெருவை முதுகுப்புறம் வைத்து எடுத்தால் ஆள் நிழலாகிவிடுவார். வாசல் ஒளி பக்கவாட்டில் கைமேல் விழுமாறு அமர்த்துங்கள். திரையில் அக்கையைத் தொட்டுச் சற்று அழுத்திப் பிடித்தால், பெரும்பாலான கருவிகளில் ஒளியும் தெளிவும் மாறாமல் நிற்கும்.

நான்காவது, மூன்று காட்சிகள் போதும்: கடையின் தோற்றம், கையின் வேலை, முடிந்த பொருள். ஒவ்வொன்றிலும் பத்து எண்ணும்வரை அசையாதிருங்கள்.

ஐந்தாவது, மின்விசிறியை நிறுத்தி, ஒரு முழ தூரத்துக்குள் நெருங்கி ஓசையைப் பிடியுங்கள். கத்தரியின் சத்தமும் தையல் இயந்திரத்தின் ஓட்டமும் இருக்க, வேறு இசை வேண்டியதில்லை.

ஆறாவது, வேண்டாதவற்றை நீக்கி இரண்டு நிமிடத்துக்குள் அடக்குங்கள். இடம், நாள், தொழிலின் பெயர் ஆகியவற்றை இறுதியில் எழுதி, இரண்டு பிரதிகளை வெவ்வேறு இடங்களில் வையுங்கள்.

அமானிதத்தையும் மறவாதீர்கள். எடுக்குமுன் அனுமதி கேளுங்கள். எடுத்ததை முதலில் அவருக்கே காட்டுங்கள். வாடிக்கையாளர், கணக்கேடு, பணப்பெட்டி ஆகியவை படத்தில் விழலாகாது. உருவப்படம் பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டாதலால், தயங்குபவர் முகத்தை விடுத்துக் கையையும் குரலையும் மட்டும் எடுக்கலாம். தொழிலைச் சொல்ல அவையே போதுமானவை.

இம்மாதத்துக்குள் ஒவ்வொருவரும் தம் தெருவிலுள்ள மூத்த தொழிலாளி ஒருவரிடம் சென்று, இரண்டு நிமிடம் எடுத்துப் பார்ப்போமாக. தந்தையின் கைவேலையைப் பேரன் பார்க்கும் நாளில் இதன் பயன் விளங்கும். வல்ல நாயன் நம் முயற்சிக்கு அருள் புரிவானாக! ஆமீன்.