முதலில் சீலா, அப்புறம்தான் சாகசம்

நெட்டுக்கு மேல் காலால் பந்தடிக்கும் செப்பாக் தக்ரோ பழக வந்திருக்கும் தம்பி தங்கச்சிகளுக்கு, கால் ஓய்ந்துபோன பழைய ஆட்டக்காரன் சொல்வது:

1. முதல் மாதம் நெட் பக்கமே போகாதே. ஐந்தாறு பேர் வட்டமாக நின்று பந்து தரையில் விழாமல் தட்டிக்கொண்டே இருங்கள். நெட் வருவதற்கு முன் மலாய்க் கிராமங்களில் இதன் பழைய வடிவமான செப்பாக் ராகாவை இப்படித்தான் ஆடினார்கள். யாருக்கும் பாயின்ட் கிடையாது. எல்லாருக்கும் கால் பழகும்.

2. வட்டத்தில் பழக வேண்டியது சீலா, அதாவது உள்பாதத்தால் தட்டுவது. ஊன்றிய காலின் முட்டி லேசாக மடங்கட்டும். தட்டும் காலைச் சம்மணம் போடப்போகிற மாதிரி மடக்கி, முட்டியை வெளிப்பக்கம் திற. கணுக்காலுக்குக் கீழே இருக்கும் தட்டையான பகுதி வானத்தைப் பார்க்க வேண்டும். பந்து முட்டி உயரத்துக்கு இறங்கும்வரை பொறு. புதுசாக வருகிறவர்கள் இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறார்கள். இடுப்பளவிலேயே காலை எட்டிப் போடுவார்கள், பந்து சாய்வாகப் பட்டுப் பக்கத்து ஆளிடம் ஓடும். காலை வீசாதே, தூக்கு. சரியாகப் பட்டால் பந்து நேராக எழும்பி உன் முன்னாலேயே இறங்கும். இடது காலுக்கும் இதே பாடம்தான். ஒற்றைக் கால் ஆட்டக்காரனை எதிரணி இரண்டு சர்வீஸில் கண்டுபிடித்துவிடும்.

3. தடித்த மெத்தை வைத்த ஓட்டக் காலணி வேண்டாம். உள்பக்கம் தட்டையான, மெல்லிய கேன்வாஸ் காலணி போதும்.

4. பேட்மின்டன் கோர்ட் இருக்கும் இடமெல்லாம் உன் இடம். அதே 13.4 மீட்டர் நீளம், 6.1 மீட்டர் அகலம். நெட்டின் நடு உயரம் ஆண்களுக்கு 1.52 மீட்டர், பெண்களுக்கு 1.42. ஆண்கள் பந்து 170 முதல் 180 கிராம், பெண்கள் பந்து அதைவிட 20 கிராம் குறைவு. பந்தில் 12 துளைகள் இருக்கும். பிரம்புப் பந்து போய் 1980களில் செயற்கை இழைப் பந்து வந்தது. சிம்பு குத்தாது என்பது நல்லதுதான், ஆனால் நெற்றியில் பட்டால் சுள்ளென்று இருக்கும். தலையால் முட்டும்போது கண்ணை மூடாதே. நெற்றிப்பட்டை கட்டிக்கொள்வதில் வெட்கமும் வேண்டாம்.

5. அணிக்கு மூன்று பேர். பின்னால் 30 சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் ஒரு காலை ஊன்றி சர்வீஸ் அடிப்பவர் தெக்கோங். நெட்டோரம் இரண்டு மூலைகளிலும் நிற்பவர்கள் அப்பிட். அவர்களில் ஒருவர் பந்தைக் கையால் எறிய, தெக்கோங் தலைக்கு மேல் காலைக் கொண்டுபோய் அடிக்கிறார். பார்ப்பவர்கள் அந்தக் காலுக்குக் கைதட்டுவார்கள். நீயோ எறியும் கையைப் பார். எறிந்த பந்தைத் தெக்கோங் தொடவில்லை என்றால் எதிரணிக்குப் பாயின்ட். தினமும் ஒரே உயரத்துக்கு, ஒரே இடத்துக்கு எறியப் பழகு. இதைச் சலிப்பு என்று சொல்பவர்கள் தெக்கோங்காக நின்று பார்க்கட்டும்.

6. ஒரு பக்கத்துக்கு மூன்று தொடுதல், கை படக் கூடாது. மூன்றையும் ஒரே ஆள் தொடலாம் என்பது வாலிபாலில் இல்லாத சலுகை. அதனால் முதல் தொடுதல் கோணலாகப் போனாலும் பதறாதே. இரண்டாவதில் நீயே நிமிர்த்தலாம்.

7. கோபம் வேண்டாம். மலாக்காவில் சுல்தான் மன்சூர் ஷாவின் மகன் ராஜா முகம்மது, ஆட்டத்தில் பறந்த பந்து தன் தலைப்பாகையைத் தட்டிவிட்டதற்காகப் பெண்டஹாரா (முதலமைச்சர்) துன் பேராக்கின் மகனைக் குத்திக் கொன்றான் என்று மலாய் வரலாற்று நூல் செஜாரா மெலாயு சொல்கிறது. மலாக்கா அரியணை கைநழுவிப் போய், அவனைப் பகாங்குக்கு அனுப்பினார்கள். உனக்கு அரியணை இல்லை, ஆனால் அணி இருக்கிறது.

8. பெரிய ஆட்டங்களைப் பார். 1990 பெய்ஜிங்கில்தான் இது ஆசிய விளையாட்டுப் போட்டிக்குள் வந்தது. அப்போது மலேசியாவுக்குத் தங்கம், பின்னாளில் தாய்லாந்தின் ராஜ்ஜியம். தாய்லாந்து அணியைப் பார்க்கும்போது ஸ்மாஷை விட்டுவிடு, அதற்கு முந்தைய தொடுதலைக் கவனி. பந்தை நெட்டோரம் உயரமாக நிறுத்தி வைக்கும் அந்தச் சீலாதான் அடிப்பவனுக்கு நேரம் வாங்கித் தருகிறது.

9. நெட்டுக்கு முதுகு காட்டி எம்பி, அந்தரத்தில் சுழன்று அடிக்கும் அடியை எப்போது சொல்லித் தருவீர்கள் என்று எல்லாரும் முதல் நாளே கேட்கிறீர்கள். இரண்டு காலாலும் மாறி மாறி நூறு சீலா பந்து விழாமல் தட்டிக் காட்டுங்கள். மெத்தையை நானே தூக்கிக்கொண்டு வருகிறேன்.