ஒரே மாதிரி தெரியும் டிரான்ஸ்ஃபர் கேஸ்கள்: எது பொருந்தும்?

கேள்வி: எங்கள் ஊர் தங்கச்சிமடம். அப்பா காலத்து மகிந்திரா சி.ஜே. 3பி ஜீப் ஒன்று எங்களிடம் இருக்கிறது. பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் எஞ்சின் வைத்தது. முன்பு மூன்றாம் சத்திரத்தில் இருந்து தனுஷ்கோடிக்கு ஆள் ஏற்றினோம். ரோடு வந்த பிறகு அந்தத் தொழில் நின்றுவிட்டது. இப்போது கரைவலை மீனை மணலில் இருந்து ரோட்டுக்கு ஏற்றிவர ஜீப் ஓடுகிறது. மூன்று கியர் பாக்ஸ் தேய்ந்து, இரண்டாவது கியர் தானாகவே கழன்றுகொள்கிறது. நாலு கியர் பாக்ஸ் போடலாம் என்கிறார் மெக்கானிக். காயலான்கடையில் மூன்று டிரான்ஸ்ஃபர் கேஸ்கள் கிடக்கின்றன. ஒன்று பழைய பட்டாளத்து ஜீப்பில் கழற்றியது, இன்னொன்று பிறகு வந்த மகிந்திரா ஜீப்பில் இருந்தது. மூன்றாவது மாருதி ஜிப்சியுடையது. கடைக்காரர் “எல்லாம் செட்டாகும்” என்கிறார். எதை வாங்குவது?

– ஒரு வாசகர், தங்கச்சிமடம்

பதில்: மூன்றும் ஒன்றுபோலச் செட்டாகாது. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இரண்டாவதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆனால் அதையும் கடைக்காரர் சொல்லும் மாடலையோ ஆண்டையோ நம்பி வாங்காதீர்கள். இந்த ஜீப்புகள் கைமாறிக் கைமாறி, பட்டறை பட்டறையாகப் பாகம் மாற்றியே உயிரோடு இருப்பவை. 1980-களின் ஹவுசிங்குக்குள் 1950-களின் கியர் இருக்கலாம். இரும்பை அளந்து பார்ப்பது ஒன்றே வழி.

முதல் இரண்டும் அநேகமாக ஒரே குடும்பம், ஸ்பைசர் 18. வில்லிஸ் ஜீப்பில் 1941-இல் வந்து, 1971 வரை அமெரிக்காவில் ஓடிய வார்ப்பிரும்பு கேஸ் அது. வில்லிஸ் வடிவத்தை இங்கே கொண்டுவந்த மகிந்திராவும் அதையே பல ஆண்டுகள் போட்டது. வெளியே பார்க்க எல்லாம் ஒன்றுதான். உள்ளே பல வகை. ஒரு வெர்னியரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பார்க்க வேண்டிய இடங்கள் இவை.

முதலாவது, நடு ஷாஃப்ட். கேஸின் பின்பக்கம் ஒரு சின்னப் பூட்டுத் தகடு பிடித்திருக்கும் ஷாஃப்ட்டின் முனை வெளியே தெரியும். அதன் விட்டத்தை அளந்து பாருங்கள். முக்கால் அங்குலம், அதாவது 19 மி.மீ. என்றால் அது போர்க்கால வகை. 28.6 மி.மீ. என்றால் ஒன்றே அரைக்கால் அங்குலம், இடைக்கால வகை. 31.75 மி.மீ. என்றால் ஒன்றேகால் அங்குலம், கடைசியாக வந்த கெட்டியான வகை. டீசல் எஞ்சினின் இழுவையும் ஈர மணலும் சேரும் உங்கள் வேலைக்கு ஒன்றேகால் அங்குலம்தான் வேண்டும். முக்கால் அங்குல ஷாஃப்ட்டை விலை குறைவு என்று வாங்காதீர்கள்.

இரண்டாவது, லோ விகிதம். போர்க்கால ஜீப்பின் கேஸில் லோ 1.97; பிறகு வந்த சி.ஜே. வகைகளில் 2.4-க்கு மேல். கேஸ் இன்னும் கியர் பாக்ஸோடு சேர்ந்தே இருந்தால் இதைக் கையாலேயே கண்டுபிடிக்கலாம். மூன்று அல்லது நாலு கியர் பாக்ஸில் டாப் கியர் நேரடி இழுவை. அதில் போட்டு, டிரான்ஸ்ஃபர் லீவரை லோவில் வைத்து, கிளட்ச் ஷாஃப்ட்டைச் சுற்றுங்கள். பின் ஃபிளான்ஜ் ஒரு சுற்று வர இங்கே இரண்டு சுற்று போதும் என்றால் அது 1.97. இரண்டரைச் சுற்றை நெருங்கினால் உங்களுக்கு வேண்டியது அதுதான். மணலில் கிளட்ச்சைத் தேய்க்காமல் மெல்ல ஊர்ந்து ஏறுவதற்கு அந்த அரைச் சுற்றுதான் துணை.

மூன்றாவது, மெயின் கியர். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஸ்பைசர் 18-க்குள் சுழலும் முதல் கியர், கேஸோடு வருவதில்லை. கியர் பாக்ஸின் மெயின் ஷாஃப்ட் முனையில் ஸ்ப்ளைன் மேல் ஏறி, நட்டால் இறுகியிருக்கும். கழற்றும்போது அது கியர் பாக்ஸோடு போய்விடும். அதன் பல் எண்ணிக்கை கேஸுக்குள் இருக்கும் நடு கியரோடு பொருந்த வேண்டும். அதன் ஸ்ப்ளைன் எண்ணிக்கை உங்கள் புது நாலு கியர் பாக்ஸின் ஷாஃப்ட்டோடு பொருந்த வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் பயன் இல்லை. ஆகவே மெயின் கியர் இல்லாமல் வெறும் கேஸை மட்டும் வாங்காதீர்கள்.

நான்காவது, முகப்பு ஓட்டை. கியர் பாக்ஸின் பின் பேரிங் உட்காரும் வட்டம் அது. பெரும்பாலான கேஸ்களில் 80 மி.மீ. அளவில் இருக்கும், 1960-களின் பிற்பகுதியில் வந்த சில வகைகளில் நான்கு அங்குலம், 101.6 மி.மீ. போல்ட் ஓட்டைகள் ஒத்துப்போனாலும் இந்த வட்டம் ஒத்துப்போகாவிட்டால் கியர் பாக்ஸும் கேஸும் ஒரே நேர்கோட்டில் நிற்காது. லேத்தில் வளையம் கடைந்து சரிசெய்யலாம் என்பார்கள். உப்புக்காற்றில் ஓடும் வண்டிக்கு அந்த ஒட்டு வேலை வேண்டாம்.

ஐந்தாவது, ஜீப்புக்கு அடியில் படுத்துப் பாருங்கள். ஸ்பைசர் 18-இல் முன், பின் இரண்டு வெளியீடுகளும் வண்டியின் வலப்பக்கம் ஒதுங்கி இருக்கும். பழைய ஜீப்பின் பின் கிரவுனும் வலப்பக்கம் ஒதுங்கியே இருக்கும். உங்கள் ஜீப்பில் யாராவது நடுவில் கிரவுன் உள்ள பின் ஆக்சிலை மாட்டியிருந்தால் இந்தக் கேஸ் அதற்கு நேராக வராது. முன், பின் கிரவுன் விகிதங்கள் ஒன்றாக இருக்கின்றனவா என்பதையும் இப்போதே சரிபாருங்கள். அவை வேறு வேறாக இருந்து ஃபோர் வீலில் போட்டால் எந்தக் கேஸும் தாங்காது.

இனி ஜிப்சி கேஸ். அது நல்ல பொருள்தான், ஆனால் அமைப்பே வேறு. கியர் பாக்ஸோடு ஒட்டாமல் தனியே தொங்கும். நடுவில் ஒரு குட்டை ஷாஃப்ட் இரண்டையும் இணைக்கும். எந்தக் கியர் பாக்ஸோடும் சேர்க்கலாம் என்று கடைக்காரர் சொல்வதற்குக் காரணம் அதுதான். ஆனால் ஸ்பைசர் 18-இல் ஹை என்றால் விகிதம் ஒன்றுக்கு ஒன்று. சுசுகி வடிவமான ஜிப்சியில் அப்படி இல்லை. 970 சி.சி. எஞ்சினோடு வந்த எஸ்.ஜே. 410 கேஸில் ஹை 1.58, லோ 2.511. 1.3 லிட்டர் எஸ்.ஜே. 413 கேஸில் ஹை 1.409, லோ 2.268. உங்கள் கிரவுனை மாற்றாமல் 1.409 கேஸை மாட்டினால், இன்று 50 கி.மீ. வேகம் தரும் எஞ்சின் சுற்றில் 35 கி.மீ.தான் கிடைக்கும், 1.58 என்றால் 32-ஐ ஒட்டி. ராமநாதபுரம் போய்வர முடியாது. சிறிய பெட்ரோல் எஞ்சினுக்காகச் செய்த அலுமினிய ஹவுசிங் அது. டீசல் ஜீப்பின் முறுக்கு அதற்குச் சுமை. ஜிப்சி வைத்திருப்பவர்களுக்கு இதே எண்கள் வேறு விதத்தில் உதவும்: 413-இல் 410 கேஸைப் போட்டால் லோ சுமார் 11 சதவீதம் கூடுதல் இழுவை தரும், ரோட்டு வேகம் அதே அளவு குறையும்.

சரியான கேஸ் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். நாலு கியர் பாக்ஸ் பழையதைவிட நீளமாக இருந்தால் கேஸ் பின்னால் தள்ளிப் போகும். சி.ஜே. 3பி-யின் வீல்பேஸே 80 அங்குலம்தான். பின் புரோபெல்லர் ஷாஃப்ட் ஏற்கெனவே குட்டை. அதை மேலும் வெட்டினால் ஜாயிண்ட்டின் கோணம் கூடி, கிராஸ் பேரிங் சீக்கிரம் போகும். முன் ஷாஃப்ட்டை நீட்ட வேண்டிவரும். பணம் கொடுக்கும் முன் இரண்டு பாக்ஸின் நீளத்தையும் அளந்து வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய வில்லிஸ் முறையில் கை பிரேக் டிரம் கேஸின் பின் வெளியீட்டில்தான் இருக்கும். வாங்கும் கேஸில் அந்த டிரம்மும் தகடும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால் உங்கள் ஜீப்புக்குக் கை பிரேக்கே இருக்காது.

உங்கள் கடற்கரைக்கென்று மூன்று விஷயங்கள். ஓடிச் சூடான கேஸை அலையோரம் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். மூச்சுக்குழாய் மணலில் அடைத்திருந்தால் உப்புத்தண்ணீரை ஆயில் சீல் வழியாக உள்ளே இழுத்துவிடும். மூச்சுக்குழாயில் ரப்பர் டியூப் மாட்டி, சீட் உயரத்துக்கு மேலே கொண்டுபோய்க் கட்டுங்கள். ஆயில் பால் கலந்த டீ நிறத்துக்கு வந்துவிட்டால் அன்றே வடித்துவிடுங்கள்; மறுநாள் வரை விட்டால் பேரிங் துருப்பிடிக்கத் தொடங்கும். கியர் பாக்ஸுக்கும் இந்தக் கேஸுக்கும் நடுவே ஆயில் இடம் மாறுவதுண்டு என்பதால் இரண்டிலும் ஒரே ஆயில், 90 கிரேடு ஜி.எல். 4 ஊற்றுங்கள். பித்தளை சின்க்ரோ உள்ள பாக்ஸுக்கு அதுதான் பாதுகாப்பு.

மூன்றாவது, பழக்கம் பற்றியது. முகுந்தராயர் சத்திரத்தில் இருந்து அரிச்சல்முனை வரை சுமார் 9.5 கி.மீ. தார்ச்சாலை 2017-இல் திறந்த பிறகு, மணலில் போட்ட ஃபோர் வீலை எடுக்காமலே ரோட்டில் ஓட்டுவது எளிதில் நேர்கிறது. இந்த ஜீப்பில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. மணலில் சக்கரம் வழுக்கிச் சமன் செய்துகொள்ளும். தார் ரோட்டில் அந்த முறுக்கு முழுவதும் கேஸின் கியர் மேல்தான் விழும். மணலை விட்டு ஏறியதும் முன் சக்கர இழுவையை எடுத்துவிடுங்கள்.

கடைசியாகச் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. டீசல் எஞ்சினின் எண் உங்கள் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறியிருக்காவிட்டால், கியர் பாக்ஸுக்குச் செலவழிக்கும் முன் ராமநாதபுரம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அதை நேர்செய்யுங்கள். அதைச் செய்யாமல் விட்டால் விபத்து நேரத்தில் காப்பீடு சிக்கலாகும்.

ஆக, ஒன்றேகால் அங்குல ஷாஃப்ட், 2.4-க்கு மேல் லோ, உங்கள் நாலு கியர் பாக்ஸுக்குப் பொருந்தும் மெயின் கியர், கை பிரேக் டிரம், ஒத்துப்போகும் முகப்பு ஓட்டை இவை ஐந்தும் இரண்டாவது கேஸில் இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். கியர் பாக்ஸும் கேஸும் ஒரே வண்டியில் கழற்றிய ஜோடியாகவே கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் நஷ்டமில்லை. சேர்ந்து ஓடிய பற்கள் சேர்ந்தே இருக்கட்டும். ஜீப்பில் ஏற்றும் முன் பட்டறை மேசையிலேயே இரண்டையும் பூட்டி, ஹை, லோ, ஃபோர் வீல் மூன்றிலும் கையால் சுற்றிப் பார்த்துவிடுங்கள்.