ஒரு முதுநிலை மாணவியின் ஆய்வேடும் எய்ட்ஸ் பாடமும்

திண்டிவனம் பகுதி அரசுப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். பத்தாம் வகுப்பில் எய்ட்ஸ் பாடம் வரும்போது மாணவர்கள் தலைகுனிந்துகொள்வார்கள்; நாமும் விரைவாகக் கடந்துவிட நினைப்போம். இந்தியாவில் எச்.ஐ.வி. கண்டறியப்பட்ட கதையோடு தொடங்கினால் வகுப்பு நிமிர்ந்து கேட்கிறது. காரணம், அது நம் சென்னையில் நடந்தது.

நடந்தது என்ன?

1981-இல் அமெரிக்காவில் எய்ட்ஸ் பற்றிய முதல் செய்தி வெளியானது. அது மேலைநாட்டு நோய், இங்கு வராது என்பதே அன்று பலரின் எண்ணம். சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன், அதைச் சோதித்துப் பார்க்குமாறு தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவுக்கு ஆய்வுத் தலைப்புத் தந்தார். நிர்மலா, காப்பகத்தில் இருந்த பாலியல் தொழிலாளர்களிடம் இரத்த மாதிரி சேகரித்தார். பிரித்தெடுத்த சீரத்தை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலேயே வைத்திருந்தார். சோதிக்கும் வசதி சென்னையில் இல்லாததால், 1986 பிப்ரவரியில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு இரயிலில் கொண்டு சென்றார். எலைசா சோதனையில் ஆறு மாதிரிகள் நிறம் மாறின.

உடனே அறிவித்துவிடவில்லை. அந்த ஆறு பேரிடமும் புதிதாக மாதிரி எடுத்து, அமெரிக்காவில் 'வெஸ்டர்ன் பிளாட்' என்னும் வேறு முறையில் உறுதிசெய்தனர். சுனிதி சாலமன் 1993-இல் ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தைத் தொடங்கி, 2015-இல் மறையும்வரை நோயாளிகளுடன் நின்றார். 2017-இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

வகுப்பில் கேட்கலாம்

1. ஒரே சோதனை போதாதா? (மறுமாதிரி, மாற்று முறை, வேறு ஆய்வகம் ஆகிய மூன்றும் ஏன் தேவை என்பதை மாணவர்களே சொல்லட்டும்.)

2. கொசு மலேரியாவைப் பரப்புகிறது, எச்.ஐ.வி.யை ஏன் பரப்புவதில்லை? டெங்குக் காய்ச்சலை அறிந்த நம் ஊர்ப் பிள்ளைகள் ஆண்டுதோறும் கேட்கும் கேள்வி இது. மலேரியா ஒட்டுண்ணி கொசுவின் உடலில் வளர்ந்து உமிழ்நீர்ச் சுரப்பியை அடைகிறது. எச்.ஐ.வி. கொசுவின் உடலில் பெருகுவதில்லை, செரித்து அழிந்துவிடுகிறது.

3. எதற்கான சோதனை என்று அந்தப் பெண்களுக்கு அன்று சொல்லப்படவில்லை. அது சரியா? உயர்நிலை மாணவர்கள் இதை நன்றாக விவாதிப்பார்கள். 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் இன்று சோதனைக்கு ஒப்புதலைக் கட்டாயமாக்கியுள்ளது. கல்வி நிலையங்களில் பாகுபாடு காட்டுவதையும் தடை செய்கிறது.

நாம் கவனிக்க வேண்டியது

இப்பாடம் நடக்கும் வகுப்பில், பெற்றோருக்குத் தொற்றுள்ள பிள்ளையோ தானே மாத்திரை உட்கொள்ளும் பிள்ளையோ அமர்ந்திருக்கலாம். யார் என்று நாம் தேட வேண்டியதில்லை. தொடுவதாலும் சேர்ந்து உண்பதாலும் பரவாது, முறையாக மருந்து உட்கொண்டால் நீண்டகாலம் நலமாக வாழலாம் என்ற இரண்டையும் அழுத்திச் சொல்வோம். அந்தப் பிள்ளை மறுநாளும் அச்சமின்றிப் பள்ளிக்கு வந்தால், அதுவே இப்பாடத்தின் கற்றல் விளைவு.