விரலி வழியே லினக்ஸ்: தடை எங்கே, தீர்வு எங்கே?

மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கு வழங்கிவந்த வழக்கமான ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் முடிவுக்கு வந்தது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 எனும் பாதுகாப்பு வசதி உள்ளிட்ட சில தகுதிகளைக் கணினியிடம் எதிர்பார்க்கிறது. அத்தகுதிகள் இல்லாத மடிக்கணினிகள், திரையும் விசைப்பலகையும் நல்ல நிலையில் இருந்தும் ஒதுக்கி வைக்கப்படுகின்றன. அவற்றைத் தூக்கி எறியாமல் மீண்டும் பயன்படுத்த உதவும் வழிகளுள் ஒன்று, லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவுவதாகும்.

பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த லினஸ் தோர்வால்ட்ஸ், 1991ஆம் ஆண்டு லினக்ஸின் மையப் பகுதியை எழுதி இணையத்தில் வெளியிட்டார். இன்று உலகெங்கும் உள்ள நிரலர்கள் அதனை வளர்த்து வருகின்றனர். அதனை அடிப்படையாகக் கொண்ட உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற இயங்குதளங்களை எவரும் கட்டணமின்றிப் பதிவிறக்கம் செய்யலாம், விரலியில் எழுதலாம், கணினியில் நிறுவலாம்.

சொல்வதற்கு எளிதாக இருக்கும் இந்த வேலை, செய்யத் தொடங்கியதும் பாதியில் நின்றுவிடுவதுண்டு. திரை கறுத்துப்போகும், அல்லது விரலியைச் செருகியும் பழைய விண்டோஸே தோன்றும். உடனே, “கணினி பழுதாகிவிட்டது” என்று பலர் முடிவு செய்துவிடுகின்றனர். உண்மையில், நிறுவல் என்பது ஒரே செயலன்று. கோப்பு, விரலி, தொடக்கம், திரை, வன்தட்டு என அது ஒரு சங்கிலியைப்போல் அமைந்துள்ளது. அச்சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தது என்பதைக் கண்டறிந்தால் சிக்கலின் பாதி தீர்ந்துவிடும்.

இந்தச் சங்கிலியில் முன்னதாகவே அறிந்திருக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. முதல் நான்கு கட்டங்களில் நேரும் பிழைகளை எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தலாம். ஐந்தாம் கட்டமாகிய வன்தட்டில் நேரும் பிழையோ பெரும்பாலும் திருத்த முடியாதது. குடும்பப் படங்கள், பள்ளிப் பணிகள், பெற்றோரின் ஆவணங்கள் ஆகியவை ஒரே சொடுக்கில் அழிந்துபோகலாம். ஆகவே, வேலையைத் தொடங்கும் முன்பே முக்கியக் கோப்புகளை வேறொரு சேமிப்புக் கருவியில் நகலெடுத்து, அந்நகல் திறக்கிறதா என்றும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

முதல் கண்ணி, பதிவிறக்கம் செய்யப்பட்ட கோப்பு. லினக்ஸ் பொதுவாக ஐஎஸ்ஓ வகைக் கோப்பாகக் கிடைக்கிறது. கோப்பின் பெயரில் ‘ஏஎம்டி64’ என்றிருப்பதைக் கண்டு, இன்டெல் செயலி கொண்ட கணினிக்கு அது பொருந்தாது எனச் சிலர் தவறாக எண்ணுகின்றனர். இந்த 64 பிட் கட்டமைப்பை முதலில் உருவாக்கியது ஏஎம்டி நிறுவனம் என்பதால் அப்பெயர் நிலைத்தது. இன்டெல் நிறுவனத்தின் 64 பிட் செயலிகளுக்கும் அதே கோப்புதான். ஆனால், ‘ஏஆர்எம்’ எனக் குறிக்கப்பட்ட கோப்பு அவற்றில் இயங்காது.

கோப்பு முழுமையாக வந்து சேர்ந்ததா என்பதையும் அறிய வேண்டும். இணைய இணைப்பு இடையில் துண்டிக்கப்பட்டால், கோப்பின் ஒரு பகுதி குறைந்திருக்கலாம். இதைக் கண்டறிவதற்காகவே, பதிவிறக்கப் பக்கத்தில் எஸ்எச்ஏ256 எனும் சரிபார்ப்புக் குறியீடு தரப்படுகிறது. எண்களும் எழுத்துகளுமாக 64 குறிகளைக் கொண்ட இக்குறியீடு, கோப்பின் கைரேகை போன்றது. பதிவிறக்கிய கோப்புக்குக் கணினி கணக்கிட்டுத் தரும் குறியீடும் பக்கத்தில் உள்ள குறியீடும் ஒன்றாக இருந்தால் கோப்பு சரியானது. ஒரே ஒரு குறி மாறினாலும் மீண்டும் பதிவிறக்கம் செய்ய வேண்டும்.

இரண்டாம் கண்ணி, விரலி. ஐஎஸ்ஓ கோப்பை மற்றக் கோப்புகளைப்போல் விரலியில் நகலெடுத்து ஒட்டுவது பலர் செய்யும் தவறு. விதையை மேசைமேல் வைப்பதற்கும் மண்ணில் ஊன்றுவதற்கும் உள்ள வேறுபாடு இதிலும் உண்டு. கணினி தானாகத் தொடங்குவதற்குரிய அமைப்போடு கோப்பை விரலியில் எழுத வேண்டும். ரூஃபஸ், எட்சர் போன்ற மென்பொருள்கள் இப்பணியைச் செய்கின்றன. எழுதும்போது விரலியில் ஏற்கெனவே உள்ளவை அனைத்தும் அழிந்துவிடும். எனவே, வெளிப்புற வன்தட்டு ஏதேனும் இணைக்கப்பட்டிருந்தால் அதை முதலில் கழற்றிவிடுவது நல்லது. எழுதி முடித்த பிறகு, “விரலியைப் படிக்க முடியவில்லை; வடிவூட்டவா?” என்று விண்டோஸ் கேட்கக்கூடும். அது பழுதின் அறிகுறியன்று. லினக்ஸுக்குரிய வடிவத்தை விண்டோஸால் படிக்க முடியாததே காரணம். வடிவூட்டினால் எழுதியவை அழியும் என்பதால் மறுத்துவிட வேண்டும்.

மூன்றாம் கண்ணி, கணினியின் தொடக்கம். விரலியைச் செருகியும் விண்டோஸே தோன்றினால், கணினி வன்தட்டையே முதலில் நாடுகிறது என்று பொருள். கணினியை இயக்கியவுடன் எஃப்2, எஃப்12, எஸ்கேப், டெலிட் ஆகிய விசைகளுள் ஒன்றை அழுத்தினால் தொடக்க அமைப்பிற்குள் செல்லலாம். எந்த விசை என்பது தயாரிப்பு நிறுவனத்தைப் பொறுத்து மாறும். விசையை அழுத்தியும் பயனில்லை என்றால், விண்டோஸில் ஷிப்ட் விசையை அழுத்தியவாறே ‘மறுதொடக்கம்’ என்பதைச் சொடுக்கலாம். அப்போது தோன்றும் பட்டியலில் விரலியைத் தேர்ந்தெடுக்கும் வசதி பல கணினிகளில் உண்டு.

பட்டியலில் விரலி தென்படவில்லை என்றால் வேறொரு துளையில் செருகிப் பார்க்கலாம். பிறகு வேறொரு விரலியில் எழுதிப் பார்க்கலாம். விரலி தென்பட்டும் பாதுகாப்புப் பிழைச் செய்தி வந்தால், ‘செக்யூர் பூட்’ எனும் அமைப்பு தடுத்திருக்கலாம். உபுண்டு போன்றவை இந்த அமைப்போடு இயங்கும் வகையில் உருவாக்கப்பட்டுள்ளன. எல்லா லினக்ஸ் வகைகளும் அப்படியல்ல. இந்த அமைப்பை மாற்றுவதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வன்தட்டு பிட்லாக்கர் முறையில் பூட்டப்பட்டிருந்தால், மாற்றத்திற்குப் பிறகு விண்டோஸ் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும். அவ்வெண்ணை முன்னதாகவே குறித்து வைக்காதவர், தம் சொந்தக் கணினிக்கு வெளியே நிற்க நேரிடும்.

நான்காம் கண்ணி, திரை. லினக்ஸின் பெயர் தோன்றிய பின் திரை கறுத்துப்போனால், வரைகலை அட்டைக்கும் இயக்கி மென்பொருளுக்கும் இடையே பொருத்தமின்மை இருக்கலாம். இதற்காகவே உபுண்டுவின் தொடக்கப் பட்டியலில் ‘பாதுகாப்பான வரைகலை’ என்னும் தேர்வும், லினக்ஸ் மின்டில் ‘இணக்க முறை’ என்னும் தேர்வும் உள்ளன. எளிய திரைக்காட்சியோடு தொடங்கி, நிறுவிய பிறகு உரிய இயக்கியைச் சேர்த்துக்கொள்ளலாம்.

திரை தெளிவாகத் தோன்றியதும் நிறுவலுக்கு விரைய வேண்டியதில்லை. வன்தட்டில் எதையும் மாற்றாமல், விரலியிலிருந்தே லினக்ஸை இயக்கிப் பார்க்கும் வசதி உண்டு. ஒலி கேட்கிறதா, தொடுதளம் இயங்குகிறதா, கம்பியில்லா இணையம் கிடைக்கிறதா என்று அங்கேயே சோதிக்கலாம். இணையம் கிடைக்கவில்லை என்றால், திறன்பேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து அதன் இணையத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். தேவையான இயக்கியை அதன்வழி பெறலாம்.

ஐந்தாம் கண்ணிதான் வன்தட்டு. நிறுவும் மென்பொருள் இங்கே ஒரு கேள்வி கேட்கிறது: விண்டோஸுக்குப் பக்கத்தில் லினக்ஸை நிறுவுவதா, வன்தட்டு முழுவதையும் அழித்துவிட்டு நிறுவுவதா? இதைப் படிக்காமல் ‘தொடர்க’ என்பதை அழுத்தலாகாது. ஒன்றுக்கு மேற்பட்ட வட்டுகள் காட்டப்பட்டால் அவற்றின் கொள்ளளவைக் கொண்டு அடையாளம் காணலாம். 16 ஜிபி எனக் காட்டுவது விரலி. 500 ஜிபி எனக் காட்டுவது வன்தட்டு. வன்தட்டே தென்படவில்லை என்றால், சில இன்டெல் கணினிகளில் உள்ள ஆர்எஸ்டி எனும் சேமிப்பு அமைப்பு காரணமாக இருக்கலாம். அதை ஏஎச்சிஐ எனும் முறைக்கு மாற்ற இயலும். ஆனால் முன்னேற்பாடின்றி மாற்றினால் விண்டோஸ் தொடங்காமல் போகலாம். அனுபவம் உள்ளவரின் துணையோடு செய்ய வேண்டிய வேலை அது. வீட்டில் பலர் பயன்படுத்தும் கணினி என்றால், இக்கட்டத்தைத் தாண்டுவதற்கு முன் அனைவரின் ஒப்புதலையும் பெறுவது கடமையாகும்.

நிறுவி முடித்து மறுதொடக்கம் செய்யும்போது, நிறுவல் திரையே மீண்டும் தோன்றினால் அஞ்ச வேண்டியதில்லை. விரலி இன்னும் கணினியிலேயே இருப்பதுதான் காரணம். அதைக் கழற்றினால் போதும். விண்டோஸ் மட்டும் தோன்றினால், தொடக்க வரிசையில் லினக்ஸை முதலிடத்திற்குக் கொண்டுவர வேண்டும்.

எந்தக் கண்ணியில் தடை ஏற்பட்டாலும் பின்பற்ற வேண்டிய நெறி ஒன்றே: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். விரலியையும் துளையையும் தொடக்க அமைப்பையும் ஒரே சமயத்தில் மாற்றியவருக்குக் கணினி இயங்கினாலும், எதனால் இயங்கியது என்பது தெரியாது. இயங்காவிட்டால், புதிய தடை எதுவும் தாமே உண்டாக்கியதா என்பதும் தெரியாது. ஒவ்வொரு மாற்றத்தையும் அதன் விளைவையும் தாளில் குறித்துக்கொள்பவர் வழி தவறுவதில்லை.

பிறரிடம் உதவி கேட்கும்போதும் அக்குறிப்பே கைகொடுக்கும். “என் கணினி வேலை செய்யவில்லை” என்பவருக்கு எவராலும் உதவ இயலாது. கணினியின் வகை, லினக்ஸின் பதிப்பு, நிறுவல் நின்ற கட்டம், திரையில் தோன்றிய செய்தி, இதுவரை செய்து பார்த்தவை ஆகியவற்றைச் சொல்பவருக்கு விடை விரைவில் கிடைக்கும். சில வேளைகளில், அவற்றை வரிசையாக எழுதும்போதே தவறு எங்கே என்பது எழுதுபவருக்கே புலப்பட்டுவிடும்.

‘பதறாத காரியம் சிதறாது’ என்பது பழமொழி. மீண்டும் செய்யக்கூடியவற்றைத் துணிந்து முயல்வதும், மீட்க முடியாதவற்றின் முன் நின்று நிதானிப்பதும் கணினியைக் கையாள்பவருக்கு வேண்டிய இரண்டு பண்புகள். அவை அமைந்தவருக்கு நின்றுபோன ஒவ்வொரு நிறுவலும், கணினி எவ்வாறு இயங்குகிறது என்பதைக் கற்றுத்தரும் பாடமாகும்.