எஞ்சின் மாற்றிய சொகுசுக் கார்: சல்லி கொடுக்குமுன் சில விடயங்கள்



ஓட்டமாவடிப் பாலத்தடியில் ஒரு பின்னேரம் அரை மணித்தியாலம் நின்று பாருங்கள். முன்பு லொறியும் லேண்ட்மாஸ்டரும் மட்டும் போன பாதையில் இன்று பென்ஸும் பீஎம்டபிள்யூவும் பிராடோவும் போகின்றன. உழைத்த மனிதன் ஒரு நல்ல வாகனத்தில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போக ஆசைப்படுவதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கடைக்கு நூறு மூடை சீமெந்து இறக்கும்போது ஒவ்வொரு மூடையையும் தட்டிப் பார்க்கிற அதே ஆள், பல இலட்சம் கொடுத்துக் கார் வாங்கும்போது பெயின்ட் மினுக்கத்தையும் தோல் ஆசனத்தையும் பார்த்துவிட்டு முற்பணத்தை எடுத்து நீட்டுகிறாரே, அதைத்தான் கேட்கிறேன்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து வருடமும் நாட்டுக்குள் இருந்த வாகனங்களே கைமாறிக் கைமாறி ஓடின. எஞ்சின் போன காரை யாரும் எறியவில்லை, வேறு எஞ்சின் போட்டு ஓட்டினார்கள். இறக்குமதி திறந்த பிறகும் வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதிய கார் நம் போன்றோருக்கு எட்டாத விலைதான். அதனால் பழைய சொகுசுக் கார்களுக்கு இன்னும் கிராக்கி இருக்கிறது. அவற்றில் எஞ்சின் மாற்றியவை கொஞ்சம் மலிவாகவும் கிடைக்கின்றன. அந்த மலிவுக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் இந்த வாரப் பாடம்.

என் மச்சானின் கதையைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் கொழும்புப் பக்கம் ஒருவரிடம் சீ கிளாஸ் பென்ஸ் ஒன்று பார்த்தோம். பெற்றோல் கொம்ப்ரசர் கார், சந்தை விலையை விடப் பன்னிரண்டு இலட்சம் குறைவு. விற்பவர் ஒளிக்கவில்லை. “எஞ்சின் மாற்றியது ஹாஜியார், ஜப்பான் எஞ்சின், நாற்பதாயிரம் கிலோமீற்றர்தான் ஓடியது” என்றார். ஓட்டிப் பார்த்தோம், பூனை மாதிரிப் போனது. “உண்மையைச் சொல்லி விற்கிற மனிதர்” என்று மச்சானுக்குச் சந்தோஷம். எனக்கும்தான். பழைய எஞ்சின் ஏன் போனது என்று நாங்கள் இருவரும் கேட்கவே இல்லை.

நாலாம் மாதம் கொழும்பிலிருந்து வரும் வழியில், மன்னம்பிட்டி தாண்டியதும் சூட்டு முள் சிவப்புக்குப் போனது. பகல் வெயில், ஏசி முழுதாகப் போட்டிருந்தது, பிள்ளைகள் வேறு இருந்தார்கள். வாழைச்சேனையில் நமக்குத் தெரிந்த மெக்கானிக் தம்பி மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “காக்கா, எஞ்சினில் குறையில்லை. ரேடியேட்டர் உள்ளுக்கு அடைத்துப் போயிருக்கு. முதல் எஞ்சினைக் கொன்றதும் இதுதான். எஞ்சினை மாத்தினவங்க இதை மாத்தல்ல.”

இதை விளங்கிக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்தது. எஞ்சின் தானாகச் சாவது குறைவு. அதை ஏதோ ஒன்று கொல்கிறது. ரேடியேட்டர் அடைப்பு, தண்ணீர்ப் பம்ப், வேலை செய்யாத விசிறி, ஒயில் குறைந்ததைக் கவனியாமல் ஓட்டியது, வெள்ளத்துக்குள் இறக்கியது என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். அந்தக் காரணம் காரிலேயே இருந்தால் புது எஞ்சினும் அதே வழியில்தான் போகும். ஆகவே விற்பவரிடம் முதல் கேள்வி “எந்த எஞ்சின் போட்டீர்கள்” என்பதல்ல, “முதல் எஞ்சினுக்கு என்ன நடந்தது, அதோடு வேறென்ன மாற்றினீர்கள்” என்பதுதான். ரேடியேட்டர், தேர்மோஸ்டாட், பம்ப், ஹோஸ்கள் மாற்றிய சிட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். சிட்டை இல்லாவிட்டால் அவற்றின் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

சில எஞ்சின்களுக்குப் பிறவிக் குறையும் உண்டு. அந்தக் கொம்ப்ரசர் பென்ஸில் இருப்பது எம் 271 என்ற வகை. அதன் டைமிங் செயின் ஒற்றை வரிச் செயின். ஓட ஓட நீளும், கேம் சக்கரப் பற்களும் தேயும். காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது சில விநாடி ‘கடகட’ என்று சத்தம் வந்தால் அந்த நோய்தான். செயின் பல் தாண்டினால் வால்வுகள் வளையும், எஞ்சின் திறக்க வேண்டி வரும். நமது வீதிகளில் நிறையக் கண்ட பீஎம்டபிள்யூ 520டீ காரின் முந்தியவற்றில் என் 47 டீசல் எஞ்சின். அதற்கும் செயின் வியாதிதான். அங்கே செயின் எஞ்சினின் பின்பக்கம், கியர் பெட்டியை ஒட்டி இருப்பதால், செயினை மாற்ற எஞ்சினையோ கியர் பெட்டியையோ கழற்றாமல் முடியாது. செயினில் இருக்கும் சாமானின் விலையை விடக் கூலி அதிகம்.

பென்ஸின் ஆறு சிலிண்டர் எம் 272 எஞ்சின் கதை இன்னும் சுவாரசியமானது. முன்னைய தயாரிப்புகளில் பாலன்ஸ் சாஃப்டின் பற்சக்கரம் மெதுவான உலோகத்தில் செய்யப்பட்டு, பற்கள் தேய்ந்து போயின. அமெரிக்காவில் வழக்கு வரைக்கும் போன விடயம். கம்பனி பிற்பாடு சக்கரத்தை மாற்றியது. எஞ்சின் இலக்கத்தின் கடைசி ஆறு எண்கள் 468993 வரை உள்ளவை பழைய சக்கரம் கொண்டவை, அதற்குப் பிந்தியவை திருத்தியவை. இதிலிருந்து ஒன்று தெரிகிறதல்லவா? பிந்திய இலக்கமுள்ள எஞ்சின் மாற்றப்பட்ட கார், கம்பனியிலிருந்து வந்த பழைய எஞ்சினோடு நிற்கும் காரை விட மேலாகவும் இருக்கலாம். எஞ்சின் மாற்றியது என்றதும் ஓடி ஒளியவும் வேண்டாம். மாற்றியது எது என்பதே கணக்கு.

‘மாற்றியது’ என்ற ஒரே சொல்லில் மூன்று சரக்கு இருக்கிறது. கம்பனியிலிருந்து வந்த புது எஞ்சின் ஒன்று. அது அபூர்வம், அப்படியானால் சிட்டை நிச்சயம் இருக்கும். பழைய எஞ்சினையே கழற்றி, துளைத்து, பிஸ்டன், ரிங், பெயரிங் போட்டது இரண்டாவது. அதைச் செய்தவரின் கைத்தரத்தைப் பொறுத்தே அது எத்தனை நாள் ஓடும் என்பது. நாம் அதிகம் காண்பது மூன்றாவது: ஜப்பானில் அல்லது வேறு நாட்டில் உடைத்த காரிலிருந்து எடுத்து வந்து, பஞ்சிகாவத்தைப் பக்கம் கைமாறிய பாவித்த எஞ்சின். அது எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்று உறுதியாகச் சொல்லக் கூடியவர் யாருமில்லை. காரின் மீற்றர் காட்டுவது பொடி ஓடிய தூரம்தான், உள்ளே இருக்கும் எஞ்சின் ஓடியதல்ல. ‘நாற்பதாயிரம்’ என்று சொன்னவரும் கடைக்காரர் சொன்னதைத்தான் சொல்லியிருப்பார்.

வகை சரியா என்பதும் முக்கியம். பென்ஸ் எஞ்சின் இலக்கத்தின் முதல் மூன்று எண்கள் குடும்பத்தையும், அடுத்த மூன்று எண்கள் அதன் கிளையையும் சொல்லும். 271 குடும்பத்தில் கொம்ப்ரசர் எஞ்சின்கள் 271.9 என்று தொடங்கும், பிந்திய டேர்போ எஞ்சின்கள் 271.8 என்று தொடங்கும். இரண்டும் ஒரே குடும்பம்தான், ஆனால் காற்று ஊட்டும் முறை, எரிபொருள் முறை, கம்ப்யூட்டர் எல்லாம் வேறு. இந்தக் கார்களில் எஞ்சின் கம்ப்யூட்டரும் சாவியும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டவை. பழைய டீசல் பென்ஸில் செய்தது போல் எதையாவது ஒன்றைப் பொருத்தி வயரை முறுக்கி விட முடியாது. அப்படி முறுக்கிய கார் உங்கள் கையில் வந்தால், ஸ்கேனர் வைத்திருக்கும் எந்தக் கராஜ்காரரும் அதைத் தொட விரும்ப மாட்டார்.

இனி பரிசோதனை. இரவு முழுக்க நின்ற காரைக் காலையில் போய்ப் பாருங்கள். நீங்கள் வருமுன் ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால், போனட்டில் கையை வைத்ததும் தெரிந்துவிடும். அன்று பேரம் பேச வேண்டாம், வேறொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். ஸ்டார்ட்டில் நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது. வெள்ளைப் புகை சூடான பின்பும் நிற்காவிட்டால் தண்ணீர் உள்ளே போகிறது. கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். அளவு எத்தனை என்பதை விட, எல்லாச் சிலிண்டரும் ஒன்றுக்கொன்று நெருங்கி இருக்கிறதா என்பதே முக்கியம். ஸ்கேனர் போடும்போது “பிழை ஒன்றும் இல்லை” என்று வந்தால் மட்டும் திருப்திப்பட வேண்டாம். முதல் நாள் அழித்துவிட்டும் காட்டலாம். உள் பரிசோதனைகள் ‘முடியவில்லை’ என்று ஸ்கேனர் காட்டினால், அண்மையில் யாரோ அழித்திருக்கலாம், அல்லது பற்றறி கழற்றியிருக்கலாம். கொழும்பு வீதியில் பத்து நிமிடம் ஓட்டுவது பரிசோதனை அல்ல. ஏசி போட்டு ஒரு மணித்தியாலமாவது ஓட்டி, பிறகு ஓடவிட்டு நிறுத்தி, சூட்டு முள்ளைப் பாருங்கள்.

வெள்ளத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2011 ஜனவரியில் மட்டக்களப்பு மாவட்டமே தண்ணீரில் நின்றதை நாம் மறக்கவில்லை. 2016 மேயில் களனி கங்கை பெருகியது, 2017 மேயில் களுத்துறை, இரத்தினபுரி மூழ்கின, 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டையே புரட்டியது. தண்ணீருக்குள் ஓடும்போது எஞ்சின் தண்ணீரைக் குடித்தால், காற்றைப் போலத் தண்ணீர் அமுங்காது, கொனெக்டிங் ரொட் வளைந்து எஞ்சின் முடியும். அந்தக் காருக்கு வேறு எஞ்சின் போட்டு, கழுவி, வாசனை அடித்து, வேறு மாவட்டத்தில் விற்கலாம். எஞ்சின் நன்றாக இருக்கும். ஆனால் இந்த வகைக் கார்களில் விரிப்பின் கீழும் ஆசனத்தின் கீழும் கம்ப்யூட்டர் பெட்டிகளும் வயர்க் கட்டுகளும் ஓடுகின்றன. ஈரம் பட்ட செம்பு மெதுமெதுவாகப் பச்சை பிடித்து, ஒரு வருடம் கழித்து ஒவ்வொன்றாக வேலைநிறுத்தம் செய்யும். ஆசனப் பட்டியை முழுதாக இழுத்து, அடி முனையில் சேற்றுக் கோடு இருக்கிறதா பாருங்கள். ஸ்பெயார் டயர்க் குழியையும், ஆசனத் தண்டவாளத்தின் துருவையும் பாருங்கள். விரிப்பைத் தூக்க விற்பவர் விடாவிட்டால், அதுவே ஒரு பதில்தான்.

கடைசியாக, எங்களை அதிகம் அலைய வைத்த விடயம்: கடதாசி. எஞ்சின் மாற்றினால் அதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்து, வாங்கிய சிட்டையைக் காட்டி, பரிசோதகரிடம் வாகனத்தைக் காட்டி, பதிவுப் புத்தகத்தில் புது இலக்கம் ஏற்ற வேண்டும். மச்சானின் காரில் அது நடக்கவில்லை. புத்தகத்தில் ஒரு இலக்கம், எஞ்சினில் வேறு இலக்கம். ஓட்டும் வரைக்கும் யாரும் கேட்கவில்லை. விற்கப் போனபோதுதான், வாங்க வந்தவரின் லீசிங் கம்பனி அனுப்பிய மதிப்பீட்டாளர் விளக்கை எடுத்துக் குனிந்து பார்த்துவிட்டு, எழுதாமலே போனார். முதல் சொந்தக்காரரைத் தேடிப் பிடித்து, எஞ்சின் விற்ற கடையைக் கண்டுபிடித்து, சிட்டையின் பிரதி எடுத்து, நாரஹேன்பிட்டிக்கு நடந்து முடிக்க ஏழு மாதம். பன்னிரண்டு இலட்சம் மலிவு என்றேனே, ரேடியேட்டர் வேலை, ஹெட் வேலை, செயின், போக்குவரத்து, ஏழு மாதம் முடங்கிய முதல் எல்லாம் சேர்த்தபோது அதில் கையில் நின்றது மிகச் சொற்பம்.

இலக்கம் பொருந்தாவிட்டால் விற்பது மட்டுமல்ல கஷ்டம். விபத்து நடந்து காப்புறுதி கேட்கும் நாளில் கேள்வி வரலாம். அந்த எஞ்சின் களவு வாகனத்தினுடையது என்றால் பொலிஸில் போய் நிற்பது புத்தகத்தில் பெயருள்ளவர்தான். திறந்த கடதாசியில், அதாவது முன்னையவர் கையெழுத்திட்ட படிவங்களை மட்டும் கையில் வாங்கிக்கொண்டு, இத்தகைய காரை எடுக்கவே வேண்டாம். எஞ்சின் இலக்கம், செசி இலக்கம் இரண்டையும் நீங்களே குனிந்து வாசித்து, போனில் படம் எடுத்து, புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ‘பிறகு மாற்றித் தருகிறேன்’ என்றால், மாற்றிய பிறகு மீதிப் பணம் என்று எழுதிக் கொள்ளுங்கள்.

இன்று வாங்குகிறவர்தான் நாளை விற்கப் போகிறவரும். தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது ஈரம் தென்பட்ட சம்பவம் நாம் எல்லோரும் அறிந்தது. ஈரத்தை அடியில் வைக்காமல் மேலே வை என்பதுதான் அங்கே சொல்லப்பட்ட விடயம். எஞ்சின் மாற்றியதை விளம்பரத்திலேயே எழுதி, ஏன் மாற்றியது, எங்கே வாங்கியது, என்ன இலக்கம் என்று சிட்டைகளை ஒரு ஃபைலில் போட்டுக் கொடுத்தால் விலை அவ்வளவாக இறங்காது. வாங்குபவர் பயப்படுவது எஞ்சின் மாற்றியதற்கல்ல, தெரியாததற்குத்தான். மச்சான் அந்தக் காரைப் போன வருடம் ஏறாவூர் வியாபாரி ஒருவருக்குக் கொடுத்தார். வந்தவர் காரைத் திறக்குமுன் ஃபைலைத்தான் கேட்டார். ரேடியேட்டர் சிட்டையைப் பார்த்ததும் பேரத்தை அதிகம் நீட்டவில்லை.